மூடி போட்ட செல்போன்

பெண்கள் கைப்பையில் வைத்திருக்கும் முகப்பவுடர் டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே கண்ணாடி. மூடினால் "டக்" என்று ஒரு சத்தம்.

அதே மாதிரி திறந்து மூடும் செல்போன்கள் இப்போது கடைகளில் இருக்கின்றன. மூடி இருக்கும்போது உயரம் 8½ சென்டிமீட்டர். திறந்தால் 16½ சென்டிமீட்டர். திறந்த பிறகு அதில் எல்லாம் நடக்கும். படம் பார்க்கலாம். கடிதம் எழுதலாம். மளிகைக் கடைக்குப் பணம் அனுப்பலாம். வேலை முடிந்ததும் நடுவில் மடித்து, டப்பா போல மூடிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

விலை என்ன?

தென்கொரியாவின் சாம்சங் கம்பெனி 2020-ம் ஆண்டில் இப்படிப்பட்ட போனை முதன்முதலாக இந்தியாவில் விற்றபோது விலை 1 லட்சத்து 9 ஆயிரத்து 999 ரூபாய். 5 ஆண்டு கழித்து, 2025 ஜூலையில் அதே வரிசையில் வந்த போனுக்கும் ஆரம்ப விலை அதேதான்!

"ஒரு மூடிக்கு ஒரு லட்ச ரூபாயா?" என்று கேட்பவர்கள் உண்டு. "மூடிக்காகத்தானே வாங்குகிறோம்!" என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மூடி நல்லதுதான். ஆனால் மூடி உடைந்தால் எவ்வளவு செலவு என்பதை, வாங்கும்போதே வாங்குகிறவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

செங்கல் போன்!

மூடி போட்ட போன் நேற்று முளைத்தது அல்ல. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

1973-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி. அமெரிக்காவில் நியூயார்க் நகரத் தெருவில் மார்ட்டின் கூப்பர் என்ற என்ஜினீயர் நின்றுகொண்டிருந்தார். அவர் மோட்டோரோலா கம்பெனிக்காரர். அவர் கையில் கம்பி இல்லாத ஒரு டெலிபோன் இருந்தது. அதில் அவர் யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? போட்டிக் கம்பெனியில் வேலை பார்த்த என்ஜினீயரை! "கையில் வைத்துக்கொண்டு பேசுகிறேன்" என்று அவரிடமே சொன்னார். கையடக்க செல்போனில் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அந்தப் போன் 1983-ல் விற்பனைப் பொருளாக உருவெடுத்தது. எடை ஏறக்குறைய 800 கிராம். விலை 3,995 டாலர். 10 மணி நேரம் மின்சாரம் ஏற்றினால் அரை மணி நேரம் பேசலாம். "செங்கல்" என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான்.

செங்கல்லைச் சட்டைப் பையில் வைக்க முடியுமா? கம்பெனி யோசித்தது. 1989-ல் எண்களை மட்டும் மூடும் சின்ன மூடி ஒன்றை வைத்தது. 1996-ல் போனையே இரண்டாக மடித்துவிட்டது! "ஸ்டார்டாக்" என்று அதற்குப் பெயர். எடை 88 கிராம். சிப்பி திறப்பதுபோலத் திறந்து பேசலாம். அமெரிக்க டெலிவிஷனில் 1966-ல் தொடங்கிய "ஸ்டார் டிரெக்" என்ற விண்வெளி நாடகத்தில் வீரர்கள் இப்படித்தான் ஒரு கருவியின் மூடியைத் தட்டித் திறந்து பேசுவார்கள். கற்பனையாகக் காட்டியது 30 ஆண்டில் கடைக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மடிப்புப் போனுக்குப் பொற்காலம். 2004-ல் மோட்டோரோலா வெளியிட்ட "ரேசர்" என்ற மெல்லிய மடிப்புப் போன் 13 கோடிக்கு மேல் விற்றது.

அப்புறம் ஏன் மூடி மறைந்தது?

2007-ல் ஆப்பிள் கம்பெனியின் ஐபோன் வந்தது. பொத்தான்கள் போயின. முகப்பு முழுவதும் கண்ணாடி. விரலால் தடவினால் வேலை நடந்தது. உலகமே அதன் பின்னால் ஓடியது. கண்ணாடியை மடிக்க முடியாதே! அதனால் மூடி போயிற்று.

முதல் ஐபோனின் திரை 3½ அங்குலம். பிறகு வந்த போன்கள் வளர்ந்துகொண்டே போயின. 5 அங்குலம், 6 அங்குலம், ஏழை நெருங்கும் அளவு என்று. போன் வளர்ந்தது, சட்டைப் பை வளரவில்லை. கைப்பையும் வளரவில்லை. ஆகவே மறுபடியும் மடிக்க வேண்டிய அவசியம் வந்தது. 2019 நவம்பரில் மோட்டோரோலா தன் பழைய ரேசரை மடியும் திரையுடன் அறிவித்தது. 2020 பிப்ரவரியில் சாம்சங் தன்னுடைய "கேலக்ஸி இசட் பிளிப்" போனைக் கொண்டுவந்தது.

(சாம்சங் என்றால் கொரிய மொழியில் "மூன்று நட்சத்திரம்" என்று பொருள். 1938-ல் அந்தக் கம்பெனி தொடங்கியபோது விற்றது கருவாடும் மளிகைச் சாமானும்!)

கண்ணாடி மடியுமா?

மூங்கில் கழியை இரண்டாக வளைக்க முடியாது. முறிந்துவிடும். அதே மூங்கிலை மெல்லிய பட்டையாகச் சீவி எடுத்தால்? கூடை முடையலாம், தட்டி பின்னலாம். வளைத்த பக்கம் எல்லாம் வளையும்.

கண்ணாடியும் அப்படித்தான். சாம்சங் தன் மடிப்புப் போனில் வைத்த கண்ணாடியின் கனம் ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்கு போட்டால் அதில் 30 பங்கு. மனிதனின் தலைமயிரில் பாதிகூட இல்லை! அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் அது உடையாமல் வளைகிறது. அதன் மேல் பிளாஸ்டிக் படலம் ஒன்றைப் போர்த்தியிருக்கிறார்கள். விரல் படுவது அந்தப் படலத்தில்தான்.

கண்ணாடி மட்டும் வளைந்தால் போதாது. படம் காட்டும் தகடும் வளைய வேண்டும். பழைய திரைகளில் பின்னால் ஒரு விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் படம் தெரியும். மடிப்புப் போனில் விளக்கு இல்லை. திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் மின்மினிப் பூச்சி போலத் தானே ஒளி விடுகிறது. அந்தப் புள்ளிகளைப் பிளாஸ்டிக் தகட்டின் மேல் பதித்துவிட்டார்கள். ஆகவே மொத்தத் திரையும் துணி போல வளைகிறது.

துணியைக்கூட அழுத்தி மடித்தால் மடிப்பு விழும் அல்லவா? அதனால் திரையை முழுதாக மடிப்பதில்லை. மூடும்போது திரையின் நடுப்பகுதி கீலுக்குள் போய், நீர்த்துளி வடிவத்தில் வளைந்து நிற்கிறது. வெளியே பார்த்தால் இரண்டு பாதிகளும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கும். உள்ளே திரைக்கு நோகாது. அப்படியும் நடுவில் லேசாக ஒரு கோடு தெரியத்தான் செய்கிறது. விரலை ஓட்டினால் தட்டுப்படும். சிலருக்கு நாலு நாளில் பழகிவிடும். சிலருக்குப் பழகாது.

கீல்தான் இந்தப் போனின் உயிர். டிரங்குப் பெட்டியின் கீல் திறந்தால் ஒரேயடியாகத் திறக்கும், விட்டால் விழும். இந்தக் கீல் அப்படி அல்ல. எந்தக் கோணத்தில் விடுகிறோமோ அந்தக் கோணத்தில் நிற்கும். அதற்குள் சின்னஞ்சிறு பற்சக்கரங்களும் வில்களும் இருக்கின்றன. தூசி உள்ளே போகாமல் தடுக்க நுண்ணிய இழைகளால் துடைப்பம் மாதிரி ஒன்றும் வைத்திருக்கிறார்கள். வீடு கூட்டும் மின்சார யந்திரத்தில் இருக்கும் தூரிகையைப் பார்த்து எடுத்த யோசனை அது. பெருக்குமாறு இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது போலிருக்கிறது!

பாட்டரியும் இரண்டு. மேல் பாதியில் ஒன்று, கீழ்ப் பாதியில் ஒன்று.

என்ன சவுகரியம்?

சட்டைப் பையில் நீளமான போனை வைத்துக்கொண்டு குனிபவர்களின் கதி எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வாளியில் விழும், கிணற்றடியில் விழும். மடிப்புப் போன் பைக்குள் அடங்கி உட்காரும். எட்டிப் பார்க்காது. ஆனால் பை கொஞ்சம் உப்பித் தெரியும். பாதியாக மடித்தால் கனம் இரண்டு மடங்கு ஆகும் அல்லவா? எடையும் குறைவதில்லை. 2025-ல் வந்த சாம்சங் போனின் எடை 188 கிராம். சாதாரணப் பெரிய போனும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இன்னொரு சவுகரியம், அது தானாக நிற்கும். பாதி திறந்து மேஜை மேல் வைத்தால், கீழ்ப் பாதி படுத்திருக்கும்; மேல் பாதி நிமிர்ந்து நிற்கும். வெளியூரில் வேலை பார்க்கும் மகனுடன் அம்மா முகம் பார்த்துப் பேசலாம். போனைப் பிடித்துப் பிடித்துக் கை வலிக்காது. பேசிக்கொண்டே வெங்காயமும் நறுக்கலாம்.

குடும்பப் படம் எடுக்கும்போது எப்போதும் ஒருவர் படத்தில் இருக்க மாட்டார். யார்? படம் எடுப்பவர்! பல வீடுகளில் அப்பா முகமே ஆல்பத்தில் இல்லாமல் போவது இதனால்தான். மடிப்புப் போனைத் திண்ணையில் நிற்க வைத்துவிட்டு எல்லோரும் எதிரே உட்காரலாம். யாராவது உள்ளங்கையைக் காட்டினால் போதும். போன் சில விநாடி எண்ணிவிட்டுப் படம் எடுத்துவிடும். தன்னைத்தானே எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்களும் போனை மூடியபடியே முதுகுப்புறத்து நல்ல காமிராவால் எடுக்கலாம். வெளிப்புறத்துச் சின்னத் திரையில் முகம் தெரியும்.

இவை எல்லாம் இருக்கட்டும். மூடியின் பெரிய உபகாரம் வேறு.

மூடினால் முடிந்தது!

பேச்சு முடிந்ததும் "டக்" என்று மூடினால் இணைப்பு துண்டித்துவிடும். அந்தச் சத்தம் கேட்டால் பேசியவருக்கும் தெரியும்; பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும். பேச்சு முடிந்தது, இனி இவர் நம் பக்கம் திரும்புவார் என்று!

மூடி இல்லாத போனுக்கு முடிவே கிடையாது. கையில் எடுப்பது மணி பார்க்க. பார்ப்பது ஏதோ ஒரு படம். அதற்குப் பின்னால் இன்னொரு படம். சோறு ஆறிப்போகும். குழந்தை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுப் போய்விடும். கடைசியில் மணி பார்த்தோமா என்பதுகூட நினைவில் இருக்காது.

மூடி அதற்கு ஒரு தடை. சின்னத் தடைதான். திறக்க வேண்டும் என்றால் மனம் வைத்துத் திறக்க வேண்டும். சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் மூடிக் கிடக்கும் போன், திரை மின்னிக்கொண்டு கிடக்கும் போனைவிட நல்ல விருந்தாளி.

ஆனால் கம்பெனிகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள்.

2020-ல் வந்த முதல் சாம்சங் மடிப்புப் போனின் வெளிப்பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. 1.1 அங்குலம். மணி தெரியும், யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியும். அவ்வளவுதான். 2021-ல் அது 1.9 அங்குலம் ஆயிற்று. 2023-ல் 3.4 அங்குலம். 2025-ல் 4.1 அங்குலம்! முதல் ஐபோனின் முழுத் திரையே 3½ அங்குலம்தான். அதைவிடப் பெரிய திரையை மூடியின் மேல் ஒட்டிவிட்டு, "மூடிய போன்" என்று விற்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டு, கதவிலேயே கதவளவு ஜன்னல் வைத்த கதைதான்!

வெளித் திரையில் என்னென்ன தெரியலாம் என்பதை வாங்கியவரே அமைத்துக்கொள்ள முடியும். மணி, கூப்பிடுபவர் பெயர், இவை போதும் என்று வைத்துக்கொண்டால் மூடிக்கு மறுபடியும் மதிப்பு வந்துவிடும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். கேட்டால் செய்து காட்டுவார்.

100 தடவையா, 300 தடவையா?

இனி சங்கடங்களைப் பார்க்கலாம்.

2019 ஏப்ரலில் சாம்சங் தன் முதல் மடிப்புப் போனை வெளியிட இருந்தது. அது புத்தகம் போல விரியும் போன். விமர்சனம் எழுதுபவர்களுக்கு முன்கூட்டியே சில போன்களைக் கொடுத்தார்கள். இரண்டொரு நாளில் சில போன்கள் பழுதாகிவிட்டன! சிலர், மேலே ஒட்டியிருந்த படலத்தைக் கடைக்காரர் ஒட்டிய காகிதம் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். அது திரையின் ஒரு பாகம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. வெளியீடு நின்றது. படலத்தின் ஓரத்தைச் சட்டத்துக்கு அடியில் செருகி, கீலின் சந்துகளை அடைத்து, செப்டம்பரில்தான் விற்பனைக்கு விட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த போன்கள் எவ்வளவோ தேவலை. 2020-ல் வந்த மடிப்புப் போன் 2 லட்சம் தடவை மடிந்து விரியும் என்று கம்பெனி சொன்னது. நாளைக்கு 100 தடவை மூடித் திறந்தால் 2,000 நாள். அதாவது 5½ ஆண்டு. மோசம் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு பையன் கையில் கிடைத்து, விளையாட்டாக நாளைக்கு 300 தடவை "டக் டக்" என்று அடித்தால்? 2 ஆண்டுகூட வராது. (வெளித் திரை பெரிதாவதால் ஒரு நன்மை உண்டு. சின்ன வேலைக்குப் போனைத் திறக்க வேண்டாம், கீல் தேயாது. பழிப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.)

தண்ணீருக்கு இப்போது பயம் இல்லை. 2021 முதல் சாம்சங் மடிப்புப் போன்கள் 1½ மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்று கம்பெனி சொல்கிறது. தூசிதான் பகை. 2024-ல் வந்த போனுக்குக் கொடுத்த தர எண்படி, ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகளைத்தான் அது தடுக்கும். கடற்கரை மணலில் அதைவிடச் சிறிய துகள் எவ்வளவோ இருக்கிறது. கூர்மையான நகம் அழுந்தினால் உள் திரையில் தடம் விழும். மூடும்போது நடுவில் ஒரு சோளப்பொரி இருந்தாலும் ஆபத்து.

திரை போனால் பாதியை மட்டும் மாற்ற முடியாது. இரண்டு பாதிக்கும் திரை ஒன்றே அல்லவா? முழுவதையும் மாற்ற வேண்டும். தெரு முனைக் கடையில் ஆகிற காரியமும் அல்ல.

இங்கேதான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாயைக் கையில் எண்ணிக் கொடுப்பவர்கள் சிலர்தான். மற்றவர்கள் தவணையில் வாங்குகிறார்கள். 24 மாதத் தவணை என்றால், வட்டியே இல்லாவிட்டாலும், மாதம் ஏறக்குறைய 4,600 ரூபாய். கம்பெனி கொடுக்கும் உத்தரவாதமோ பொதுவாக ஓர் ஆண்டு. 13-வது மாதம் திரை போனால்? போன் மூலையில் கிடக்கும். தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருக்கும்.

பெட்டி மேல் அச்சிடட்டும்!

ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பில் 2025 ஜூன் 20-ந் தேதி முதல் ஒரு விதி அமலுக்கு வந்திருக்கிறது. புதிதாக விற்பனைக்கு வரும் செல்போன் மாதிரிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு உண்டு. பழுது பார்ப்பது சுலபமா, கஷ்டமா? கீழே விழுந்தால் தாங்குமா? மின்சாரம் எவ்வளவு நேரம் நிற்கும்? எல்லாவற்றையும் தரம் பிரித்து அந்தச் சீட்டில் போட வேண்டும். ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுக்கு முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். உதிரி பாகத்தின் விலையை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மடிப்புப் போனின் கீலும் அந்த விதியில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது!

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-ந் தேதி ஓர் இணையதளத்தைத் திறந்தது. போன்களைப் பழுது பார்க்கும் சுலபத்துக்கு மதிப்பெண் போடுவது பற்றி ஆராய்ந்த குழு 2025 மே மாதத்தில் அறிக்கை கொடுத்தது. நல்ல காரியங்கள். இந்த வழியில் எந்த விதி செய்தாலும், கீலையும் மடிப்புத் திரையையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். "போன்" என்று பொதுவாக எழுதி விட்டுவிடக் கூடாது.

செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் அதிகபட்சச் சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கிறது. தீப்பெட்டிக்குக்கூட உண்டு. மடிப்புப் போனின் பெட்டியில் அந்த வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தால் என்ன? "உள் திரை மாற்ற இவ்வளவு ரூபாய். கீல் மாற்ற இவ்வளவு ரூபாய்." மை செலவு என்ன ஆகிவிடும்? தன் கீலில் நம்பிக்கை உள்ள கம்பெனி இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. நம்பிக்கை இல்லாத கம்பெனி எது என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

விலை குறைந்து வருவதும் உண்மை. 2023-ல் டெக்னோ கம்பெனி தன் மடிப்புப் போனை 49 ஆயிரத்து 999 ரூபாய்க்கு இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. 2024-ல் இன்பினிக்ஸ் கம்பெனியும் அதே விலைக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. மூடி மட்டும் போதும், சினிமாவும் வேண்டாம், படமும் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னும் மலிவானதும் வந்தது. 2022-ல் வந்த நோக்கியா 2660 மடிப்புப் போனின் அறிமுக விலை 4 ஆயிரத்து 699 ரூபாய்தான். பெரிய பெரிய பொத்தான்கள். அவசரத்துக்குக் கூப்பிடத் தனிப் பொத்தான். தாத்தா கண்ணாடி போடாமலே எண்ணை அழுத்தலாம். மூடினால் அதுவும் "டக்" என்றுதான் சத்தம் போடும்.

பெரிய விலைப் போனே வேண்டும் என்று தீர்மானித்துவிட்டவர்கள், பில் போடும் முன்பு கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். உள் திரை மாற்ற என்ன விலை? கீலுக்கு உத்தரவாதம் எத்தனை மாதம்? பழுது பார்க்கும் இடம் இந்த ஊரிலேயே இருக்கிறதா, வெளியூருக்கு அனுப்ப வேண்டுமா? பதிலை வாயால் சொன்னால் போதாது. பில்லின் பின்புறம் எழுதி வாங்குவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: உள் திரையில் ஒட்டியிருக்கும் படலத்தை யாரும் உரிக்கக் கூடாது.